கணிப்பொறி கண்ட நரசிம்மன்

ஆண்டுதோறும் மழைக்காலம் பிறந்ததும் மும்பைக் கல்லூரிகளுக்குள் புதிய தமிழ் மாணவர்கள் அடியெடுத்து வைக்கிறார்கள். மாட்டுங்காவிலிருந்து வருவோர் சிலர். செம்பூரிலிருந்து வருவோர் சிலர். தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்துகளிலிருந்து, தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுவோர் பலர். மூத்த மாணவர்களைக் கண்டதும் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி அநேகமாக ஒன்றுதான். கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பழக வேண்டும். எந்த மொழியில் தொடங்குவது?

பைத்தான் என்பார் ஒருவர். சி மொழி தெரியாதவனுக்கு அடித்தளமே இல்லை என்பார் இன்னொருவர். வேலை வேண்டுமானால் ஜாவா என்பார் மூன்றாமவர். பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகைகளோ அத்தனை மொழிகளையும் ஒருங்கே காட்டி, அத்தனைக்கும் தனித்தனிக் கட்டணம் கேட்கின்றன. வீட்டில் ஒரே ஒரு முறைதான் அவ்வளவு பணம் புரட்ட முடியும் என்னும் நிலையில் உள்ள மாணவர்க்கு இது பொழுதுபோக்குக் கேள்வி அன்று. தவறான மொழியைத் தேர்ந்துவிட்டால் வாழ்க்கையே தவறிவிடுமோ என்ற அச்சம் அவர்களைப் பிடித்துக்கொள்கிறது. அதிலும் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்தவர்க்கு அச்சம் இரட்டிப்பாகிறது.

இந்த அச்சத்துக்கு மருந்து ஒரு மனிதரின் வரலாற்றில் இருக்கிறது. சென்னையில் பிறந்து, கிண்டியில் படித்து, இதே மும்பையின் தென்கோடியான கொலாபாவில் இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் இலக்கமுறை மின்னணுக் கணிப்பொறியை இயங்க வைத்த பேராசிரியர் ரங்கசுவாமி நரசிம்மனே அவர். தேர்ந்தெடுக்க ஒரு மொழிகூட இல்லாத காலத்தில் அவர் தொடங்கினார். தொடங்கியவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை நாம் அறிந்துகொள்வது நன்று.

இளமையும் கல்வியும்

நரசிம்மன் 1926-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் தொலைத் தொடர்புப் பொறியியல் பயின்று பட்டம் பெற்றார். கணிப்பொறி என்று ஒரு பாடம் அன்று இந்தியாவில் எந்தக் கல்லூரியிலும் இல்லை. உலகத்திலேயே அப்படிப்பட்ட பொறிகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. அவர் கற்றவை மின்சுற்றுகள், வானொலி, தந்தி, தொலைபேசி ஆகியவையே.

பின்னர் அமெரிக்கா சென்றார். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அதன்பின் துறையை மாற்றிக்கொண்டு, இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கையில் சால்டரிங் இரும்பு பிடிக்கத் தெரிந்த பொறியாளர், தேற்றங்களை நிறுவத் தெரிந்த கணிதராகவும் ஆனார். இந்த இரண்டு கலைகளும் ஒருவரிடத்தில் கூடியது பிற்காலத்தில் நாட்டுக்குப் பெரிதும் பயன்பட்டது.

1954-இல் அவர் தாயகம் திரும்பினார். அமெரிக்காவில் கணிப்பொறித் துறை அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தது. அங்கேயே தங்கியிருந்தால் வசதியும் வாய்ப்பும் குறைவின்றிக் கிடைத்திருக்கும். அவர் வந்து சேர்ந்த இடமோ ஹோமி பாபா 1945-இல் தொடங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம். அணு ஆராய்ச்சிக்கும் அண்டக் கதிர் ஆராய்ச்சிக்கும் பெரும் பெரும் கணக்குகள் போட வேண்டியிருந்தது. கணக்கைப் போட ஒரு பொறி வேண்டும். வெளிநாட்டில் வாங்கலாம், ஆனால் வாங்கினால் பொறி மட்டுமே வரும், அதன் உள்ளறிவு வராது. ஆகவே நாமே கட்டுவோம் என்று கழகம் துணிந்தது.

இதே காலத்தில் கல்கத்தாவில் மகலநோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் கழகம் 1955-இல் இங்கிலாந்திலிருந்து ஒரு கணிப்பொறியை வரவழைத்தது. இந்திய மண்ணில் இயங்கிய முதல் இலக்கமுறைக் கணிப்பொறி என்ற பெருமை அதற்கே உரியது. இந்தியர் கையால் வடிவம் பெற்ற முதல் இலக்கமுறைக் கணிப்பொறி எது என்றால், அது பம்பாயில் பிறந்தது.

பொறி பிறந்த கதை

கழகத்தில் கூடிய குழு மிகச் சிறியது. பெரும்பாலோர் பௌதிகம் படித்து முடித்த இளைஞர்கள். கணிப்பொறி கட்டிய அனுபவம் எவருக்கும் இல்லை. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்து உயராய்வுக் கழகத்தில் வான் நாய்மன் தலைமையில் கட்டப்பட்ட பொறியின் அமைப்பே இவர்களுக்கு வழிகாட்டி. அதன் விவரங்களைப் படித்து, சுற்றுக்குச் சுற்று தாங்களே வரைந்து, தாங்களே இணைத்து, தாங்களே சோதித்தார்கள்.

முதலில் ஒரு முன்னோட்டப் பொறியைச் செய்து பார்த்தார்கள். 1956-இல் அது இயங்கியது. பெரியதைக் கட்டுமுன் சிறியதைக் கட்டிப் பார்த்த இந்த முறையை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சிறியது தந்த துணிவில் பெரியதைத் தொடர்ந்தார்கள். 1960-ஆம் ஆண்டு முழுப் பொறி பணிக்கு வந்தது. பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். கழகத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளோடு தானியங்கிக் கணிப்பான் என்னும் பொருள்படும் எழுத்துகளைச் சேர்த்து அமைந்த பெயர் அது.

அதன் உருவத்தைக் கேளுங்கள். 18 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 8 அடி உயரம் கொண்ட எஃகுச் சட்டகம். அதற்குள் 2,700 வெற்றிடக் குழாய்கள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 மின்தடைகள். விடையை வரைபடமாகவும் எழுத்தாகவும் காட்ட ஒரு திரையையும் இணைத்திருந்தார்கள். பிறநாடுகளிலேயே புதிதாக இருந்த ஃபெரைட் வளைய நினைவகத்தை இதில் பயன்படுத்தினார்கள். சின்னஞ்சிறு காந்த வளையங்களைக் கம்பியில் கோத்து, ஒவ்வொரு வளையமும் ஒரு பூச்சியத்தையோ ஒரு ஒன்றையோ நினைவில் வைத்திருக்கும்படி செய்வதே அந்த ஏற்பாடு.

அந்த நினைவகத்தில் 2,048 அறைகள் இருந்தன. அறை ஒன்றுக்கு 40 இலக்கங்கள். மொத்தம் 81,920 இலக்கங்கள்; இன்றைய கணக்கில் சரியாகப் பத்து கிலோபைட். நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்கு இதைவிடப் பன்மடங்கு இடம் வேண்டும். அந்தப் பத்து கிலோபைட்டுக்குள் அடக்கித்தான் அன்றைய விஞ்ஞானிகள் தங்கள் கணக்குகளைப் போட்டார்கள்.

அந்தப் பொறிக்கு எந்த மொழி?

இனி நம் கேள்விக்கு வருவோம். டிஃப்ராக்கை அணுகிய ஒருவர் எந்த நிரல்மொழியைக் கற்றார்? பைத்தானும் ஜாவாவும் பிறக்கப் பல்லாண்டுகள் இருந்தன. அந்தப் பொறிக்குத் தெரிந்தவை பூச்சியமும் ஒன்றும் மட்டுமே. பொறிக்கான கட்டளைகளை அந்த இரண்டு குறிகளின் வரிசையாகவே எழுத வேண்டும். எழுத்து ஒன்று பிசகினால் கணக்கே பிசகும். அதைவிடக் கடினமான முதல் மொழியை நினைத்துப் பார்ப்பதும் அரிது.

ஆயினும் அதைக் கற்றார்கள். கற்றவர்கள் உண்மையில் கற்றது என்ன? குறிகளை மனப்பாடம் செய்தது அவர்கள் கல்வியில் சிறு பகுதியே. பெரும்பகுதி ஐந்து கருத்துகள். அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது அறை. தபால் நிலையத்தில் எண்ணிட்ட பெட்டிகள் வரிசையாக இருப்பது போல நினைவகத்தில் எண்ணிட்ட அறைகள் உள்ளன. ஓர் அறையில் ஒரு மதிப்பை வைக்கலாம், எடுத்துப் பார்க்கலாம், அதை அழித்து வேறொன்றை வைக்கலாம். இன்றைய மொழிகள் அறைக்கு எண் தராமல் பெயர் தருகின்றன. அதைத்தான் மாறி என்கிறோம். பெயர் மாறினாலும் கருத்து மாறவில்லை.

இரண்டாவது வரிசை. பொறி கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக, எழுதியபடியே நிறைவேற்றும். நாம் நினைத்ததை அது செய்யாது, சொன்னதைத்தான் செய்யும்.

மூன்றாவது சோதனை. இந்த மதிப்பு அந்த மதிப்பைவிடப் பெரியதா, சிறியதா என்று பார்த்து, விடைக்கேற்ப இந்த வழியிலோ அந்த வழியிலோ செல்வது.

நான்காவது சுழற்சி. தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து நகரமெங்கும் கொண்டுசென்று விற்கும் நம்மவர்களை அறியாதவர் யார்? அவர்கள் செய்வதைக் கட்டளையாக எழுதிப் பாருங்கள். தட்டில் மாவை ஊற்று, கொப்பரையில் வை, வெந்ததும் எடு, பாத்திரத்தில் இன்னும் மாவு இருக்கிறதா என்று பார், இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கு, இல்லையென்றால் கூடையைத் தூக்கு. ஐந்தாறு கட்டளைகள். அவிப்பதோ நூற்றுக்கணக்கான இட்லிகள். சுழற்சியின் பெருமை அதுவே. அதற்குள் ஒரு சோதனை இருப்பதையும் கவனியுங்கள். மாவு தீர்ந்ததா என்று பார்க்கும் கட்டளை விடுபட்டால், காலித் தட்டை வைத்து அவித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முடிவில்லாச் சுழற்சி என்று நிரலாளர் அஞ்சும் பிழை இது.

ஐந்தாவது துணை நிரல். மாவு அரைப்பதைத் தனியே ஒரு வேலையாக வகுத்து ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால், இட்லிக்கும் தோசைக்கும் தனித்தனியே அரைக்கும் முறையை விளக்க வேண்டியதில்லை. அது போலவே அடிக்கடி தேவைப்படும் கட்டளைக் கூட்டத்தை ஒரு முறை எழுதி வைத்து, வேண்டியபோதெல்லாம் அழைத்துக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜில் வில்க்ஸும் அவர் தோழர்களும் 1951-இல் வெளியிட்ட நிரலாக்க நூலிலேயே இந்த முறை இடம் பெற்றது.

ஒன்று முதல் நூறு வரையுள்ள எண்களைக் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் என்ற அறையில் பூச்சியத்தை வை. எண் என்ற அறையில் ஒன்றை வை. எண் நூறைத் தாண்டாதவரை, மொத்தத்தோடு எண்ணைக் கூட்டு. எண்ணோடு ஒன்றைக் கூட்டு. முடிந்ததும் மொத்தத்தைப் பார்த்தால் 5,050 இருக்கும். பைத்தானில் இதை ஐந்து வரியில் எழுதிவிடலாம். சி மொழியில் சில வரிகள் கூடும். டிஃப்ராக்கில் பூச்சியமும் ஒன்றுமாக எழுத வேண்டும். மூன்றிலும் எண்ணம் ஒன்றே. இந்த எண்ணத்தைத் தாளில் தமிழில் எழுதத் தெரிந்தவர் பாதிக் கிணற்றைத் தாண்டியவர். எஞ்சிய பாதி எழுத்திலக்கணம்.

இறந்த மொழியும் இறவாத கல்வியும்

1961-இல் நரசிம்மன் மீண்டும் அமெரிக்கா சென்றார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1964 வரை பணியாற்றினார். துகள் பௌதிக ஆய்வில் குமிழிக் கலங்களில் பதியும் தடங்களைப் புகைப்படம் எடுப்பார்கள். அந்தப் படங்கள் மலைபோல் குவிந்தன. அவற்றை மனிதக் கண்ணால் பார்த்துத் தீராது. படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் கணிப்பொறி ஒன்றை அங்கே உருவாக்க முயன்றார்கள். அந்த முயற்சியில் நரசிம்மன் ஒரு புதிய வழி கண்டார். எழுத்து சேர்ந்து சொல்லாகவும் சொல் சேர்ந்து வாக்கியமாகவும் அமைவது போல, கோடும் புள்ளியும் சேர்ந்து வடிவமாகவும் வடிவங்கள் சேர்ந்து படமாகவும் அமைகின்றன. ஆகவே படத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அந்த இலக்கணத்தைக் கொண்டு பொறி படத்தைப் படிக்கலாம். வடிவங்களை இலக்கண வழியில் அறியும் துறைக்கு அடிகோலிய முன்னோடிகளில் ஒருவராக உலகம் அவரை இன்றும் மதிப்பது இதனால்தான்.

1964-இல் இரண்டாம் முறையாகவும் அவர் தாயகம் திரும்பினார். அதே ஆண்டில் கழகத்துக்கு அமெரிக்காவிலிருந்து சி.டி.சி. 3600 என்னும் பெரிய கணிப்பொறி வந்தது. டிஃப்ராக்கைப் போலப் பதினாறு மடங்கு அறைகள் அதற்கு இருந்தன. அதற்கு ஃபோர்ட்ரான் தெரியும். கணிதச் சூத்திரங்களை ஏறக்குறைய நாம் எழுதுவது போலவே எழுதலாம் என்ற வசதியோடு ஐ.பி.எம். நிறுவனத்தில் பேக்கஸ் குழுவினர் 1957-இல் வெளியிட்ட மொழி அது. பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆராய்ச்சிச் சாலைகளிலிருந்தும் ஆட்கள் துளையட்டைக் கட்டுகளோடு கொலாபாவுக்கு வரலானார்கள். டிஃப்ராக் 1965-ஆம் ஆண்டோடு ஓய்வு பெற்றது.

பொறி ஓய்ந்ததும் அதன் மொழியும் மறைந்தது. அந்தக் குறிகளைப் புரிந்துகொள்ளும் வேறு பொறி உலகில் இல்லை. இரவு பகலாகப் பூச்சியமும் ஒன்றும் எழுதிப் பழகியவர்களின் உழைப்பு வீணாயிற்றா? இல்லை. அறை, வரிசை, சோதனை, சுழற்சி, துணை நிரல் ஆகிய ஐந்தும் அவர்களிடம் இருந்தன. ஃபோர்ட்ரான் அவர்களுக்குப் பழைய சரக்குக்குப் புதிய கோணிப்பை போலத் தோன்றியிருக்கும்.

அதன் பின்னும் உலகம் நிற்கவில்லை. 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் தொடக்க மாணவர்க்கென்றே பேசிக் மொழியைத் தந்தார்கள். 1970-இல் நிக்லாஸ் விர்த் கற்பித்தலை மனத்தில் கொண்டு பாஸ்கல் மொழியைத் தந்தார். 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை ஆக்கினார். 1991-இல் வான் ரோசம் பைத்தானை வெளியிட்டார். இந்தியாவில் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் கான்பூரிலிருந்து எழுதிய நூல்களால் ஒரு தலைமுறையே ஃபோர்ட்ரான் கற்றது. அடுத்த தலைமுறை பாஸ்கலில் தொடங்கியது. அதற்கடுத்தது சி மொழியில். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018-இல் பதினோராம் வகுப்புக்கு சி++ வந்தது. 2019-இல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் வந்தது. ஒவ்வொரு தலைமுறையும் தன் முதல் மொழியே நிலையானது என்று எண்ணியது. மொழிகள் நாற்காலி மாறின. ஐந்து கருத்துகளும் அதே இடத்தில் அமர்ந்திருக்கின்றன.

மொழியையே ஆராய்ந்தவர்

நரசிம்மன் 1967-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நிரல்மொழிகளுக்கும் கணிப்பொறிகளுக்கும் பொதுவான ஒரே கோட்பாட்டை வகுப்பதே அதன் நோக்கம். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு மொழி வேறு, பொறி வேறு. இரண்டையும் ஒரே கண்ணால் காண முயன்றார் அவர். ஒரு பொறியைக் கட்டி, அதன் வெறும் குறிகளில் உழன்ற ஒருவருக்கே அந்தப் பார்வை எளிதில் வாய்க்கும்.

அவர் சிந்தனை அங்கும் நிற்கவில்லை. நிரல்மொழியிலிருந்து மனித மொழிக்குச் சென்றார். குழந்தை எவ்வாறு மொழி பெறுகிறது? பேச்சும் எழுத்தும் மனித அறிவை எவ்வாறு உருவாக்குகின்றன? பொறிக்கு அறிவு உண்டாக்குவது என்றால் என்ன? இந்தக் கேள்விகள் அவரைக் கடைசிவரை விடவில்லை. மொழியை விதிகளின் தொகுப்பாக மட்டும் பாராமல் ஒரு நடத்தையாக, மனிதர் ஒருவரோடொருவர் பழகிச் செய்யும் செயலாகக் கண்டு 1981-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1998-இல் மொழி பெறுதல் பற்றியும் 2004-இல் செயற்கை அறிவு பற்றியும் நூல்கள் வந்தன. எழுபத்தெட்டு வயதிலும் புதிய நூல் எழுதியவர் அவர்.

குழந்தையின் மொழிக் கல்வி நமக்கும் ஒரு பாடம் சொல்லும். எந்தக் குழந்தையும் இலக்கணப் புத்தகத்தை முடித்துவிட்டுப் பேசத் தொடங்குவதில்லை. பால் வேண்டும், பந்து வேண்டும் என்று காரியம் நிமித்தம் பேசுகிறது. தப்பாகப் பேசுகிறது. கேட்டவர் திருத்த, மறுபடியும் பேசுகிறது. நிரலும் அவ்வாறே வரும். ஒரு சிறு காரியத்தைப் பொறியைக் கொண்டு செய்விக்க முனைந்து, பிழை கண்டு, திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்ப்பவருக்கு மொழி தானே படியும். பத்து மொழிகளின் பாடத் திட்டத்தை ஒப்பிட்டுக்கொண்டு கரையில் நிற்பவருக்கு ஒன்றும் படியாது.

நிறுவனங்களும் இறுதிக் காலமும்

தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளும் இயல்பு அவரிடம் இல்லை. 1965-இல் இந்தியக் கணிப்பொறிச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தார். 1970-களில் டாட்டா கழகத்தின் உள்ளேயே, மென்பொருளையும் கணிப்பு முறைகளையும் வளர்ப்பதற்கான தேசிய மையம் அவர் தலைமையில் உருவாயிற்று. அதுவே 1985-இல் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமாக மலர்ந்து, மும்பையில் எண்ணற்ற இளைஞர்களுக்கு நிரலாக்கம் கற்பித்தது. கணிப்பொறிகளைப் பராமரிப்பதற்கென அரசு 1975-இல் அமைத்த சி.எம்.சி. நிறுவனத்துக்கும் அவரே முதல் தலைவர். 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அதன் பொறிகள் ஓயாமல் ஓடும்படி காத்த பொறுப்பு அந்த நிறுவனத்தின் தோளில் விழுந்தது. பிற்காலத்தில் இரயில் பயணச்சீட்டு முன்பதிவைக் கணிப்பொறிக்கு மாற்றியதும் அதே நிறுவனம். தாதரிலிருந்து சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் சீட்டு எடுக்க விடிய விடிய வரிசையில் நின்ற நம் பெரியவர்களைக் கேட்டால் அந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

1977-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. பிற்காலத்தைப் பெங்களூரில் கழித்த நரசிம்மன், 2007-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் தம் எண்பத்தொன்றாம் வயதில் அங்கே காலமானார். கிண்டியில் அவர் கற்ற பாடத்தில் கணிப்பொறி இல்லை. அவர் கட்டிய பொறியின் குறிகள் இன்று எவருக்கும் பயன்படுவதில்லை. ஆனால் முதலிற் கற்றது எதுவாயினும் அதன் அடி வரை சென்று கற்றதால், அடுத்தடுத்து வந்த எதுவும் அவருக்கு அந்நியமாக இருக்கவில்லை.

நாம் செய்யத்தக்கது

மாணவ நண்பர்களே, எந்த மொழி என்ற கேள்விக்கு இனி விடை சொல்வது கடினம் அன்று. கல்லூரிப் பாடத்தில் ஒரு மொழி வைத்திருந்தால் அதிலேயே தொடங்குங்கள். கேட்டுத் தெளிய ஆசிரியரும் உடன் படிப்போரும் இருப்பார்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பைத்தானில் தொடங்குங்கள். எழுத்திலக்கணச் சுமை அதில் குறைவு, எண்ணத்தில் கருத்துச் செலுத்தலாம். பொறியின் உள்ளே அறைகள் எப்படி இருக்கின்றன என்று அறியும் ஆவல் மிகுந்தவர்கள் சி மொழியில் தொடங்கினாலும் குற்றமில்லை. எதை எடுத்தாலும் ஓராண்டுக்கு அதை விடாதீர்கள். ஐந்து கருத்துகளும் கைவந்த பின் இரண்டாம் மொழிக்குச் செல்லுங்கள். முதல் மொழிக்கு எடுத்த காலத்தில் சிறு பங்கே இரண்டாவதற்குப் போதும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். இந்த ஐந்து கருத்துகளைக் கற்கப் பெருங்கட்டணம் தேவையில்லை. தமிழ்நாட்டு அரசின் கணினி அறிவியல் பாடநூல்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐ.ஐ.டி. பம்பாயில் தோன்றிய ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தின் பாடங்களில் சி மொழிப் பாடங்களைத் தமிழ்க் குரலிலேயே கேட்கலாம். பைத்தானும் சி மொழிக்கான கருவிகளும் விலையின்றிக் கிடைப்பவை. சொந்தக் கணிப்பொறி இல்லாதவர்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்கு முன்னால், வீட்டில் தாளில் எழுதி வைத்துக்கொண்டு செல்லலாம். டிஃப்ராக் காலத்தில் அனைவரும் அப்படித்தான் செய்தார்கள்; தாளில் சரிபார்த்த பிறகே பொறியிடம் போனார்கள். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று கலங்குவோர்க்கும் இதுவே வழி. நிரல்மொழிக்கு அடிப்படையான ஆங்கிலச் சொற்கள் சிலவே. எண்ணத்தைத் தமிழிலேயே எழுதித் தெளிந்துகொள்ளலாம்.

மும்பைத் தமிழர்கள் கொலாபாப் பக்கம் போவது கடற்காற்று வாங்கவும் ஊரிலிருந்து வந்தவர்க்கு இந்தியாவின் நுழைவாயிலைக் காட்டவும்தான். அடுத்த முறை போகும்போது, அந்த நிலத்தின் முனையில் 2,048 அறைகளோடு ஒரு பொறி ஓடியது என்பதையும், அதைக் கட்டியவர்களின் முன்வரிசையில் கிண்டி மாணவர் ஒருவர் நின்றார் என்பதையும் உடன் வருவோர்க்குச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும், ஒன்று முதல் நூறு வரை கூட்டும் அந்த ஐந்து வரியை எழுதிப் பாருங்கள்.